சார்லட்டின் வலை (திரைப்படம், 1973)

அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் 1952இல் வெளியிட்ட ‘சார்லட்ஸ் வெப்’ என்ற சிறார் நாவலை, ஹன்னா–பார்பெரா நிறுவனம் அதே பெயரில் முழுநீளக் கார்ட்டூன் படமாக எடுத்தது. பாரமவுண்ட் நிறுவனம் அதை 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. படம் 94 நிமிடம் ஓடும். கறிக்காக வளர்க்கப்படும் ஒரு பன்றிக்குட்டியை, தொழுவத்து வாசலில் வலை கட்டியிருக்கும் சிலந்தி ஒன்று தன் நூலால் எழுத்துகள் பின்னிக் காப்பாற்றுவதுதான் கதை. பண்ணை விலங்குகளின் நட்பைச் சொல்லும் படங்கள் ஏராளம் உண்டு. அவற்றுள் இந்தப் படம் அரை நூற்றாண்டு கடந்தும் பார்க்கப்படுவதற்குக் காரணம், அதில் வரும் நட்பு சாவை மறைத்துவைக்காத நட்பு என்பதே.

கதை

ஃபெர்ன் என்ற சிறுமியின் வீட்டில் பன்றி குட்டி போடுகிறது. ஈற்றிலேயே கடைக்குட்டி சவலையாக இருக்கிறது. தேறாது என்று அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மகள் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறாள். சின்னதாகப் பிறந்தது அதன் குற்றமா என்பது அவள் வாதம். குட்டி பிழைக்கிறது. வில்பர் என்று பெயர் வைத்துப் புட்டியில் பால் கொடுத்து வளர்க்கிறாள். வளர்ந்ததும் மாமா ஹோமர் சக்கர்மனின் தொழுவத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். குளிர்காலம் வந்தால் வில்பரின் கதி என்ன என்பதை அங்கிருக்கும் செம்மறி ஒன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. பயந்து அழும் வில்பருக்கு, நிலைவாசல் மூலையில் வலை கட்டியிருக்கும் சார்லட் என்ற சிலந்தி, உன்னை நான் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது.

அந்த வாக்கை அவள் நிறைவேற்றும் வழிதான் கதையின் உயிர். வலையின் நடுவே பன்றியைப் புகழ்ந்து ஒரு சொல்லைப் பின்னுகிறாள். மனிதர்கள் எழுத்தாக இருக்கும் எதையும் நம்புவார்கள் என்பது அவள் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. ஊர் திரண்டு வந்து பார்க்கிறது. சாதாரணப் பன்றி பெயர்பெற்ற பன்றியாகிறது. புதுச் சொற்களுக்காகப் பழைய பத்திரிகைத் துண்டுகளையும் விளம்பரத் தாள்களையும் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கி வருவது டெம்பிள்டன் என்ற எலி. அது எதையும் சும்மா செய்யாது; ஒவ்வோர் உதவிக்கும் தின்ன ஏதாவது வேண்டும். சந்தைத் திருவிழாவில் வில்பருக்குச் சிறப்புப் பரிசு கிடைக்கிறது, உயிர் உறுதியாகிறது. பரிசுக்கு முந்தைய இரவில் முட்டைப்பை கட்டி முடித்த சார்லட் தளர்ந்துபோகிறாள். அவளால் ஊர் திரும்ப முடியாது. முட்டைப்பை மட்டும் வில்பரோடு தொழுவத்துக்குப் போகிறது. அடுத்த வசந்தத்தில் 514 குஞ்சுகள் பொரிகின்றன. ஏறக்குறைய எல்லாமே நூல் விட்டுக் காற்றில் பறந்துபோக, மூன்று மட்டும் அந்த வாசலிலேயே தங்குகின்றன.

நூல் பிறந்த விதம்

எல்வின் புரூக்ஸ் ஒயிட் 1899இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ‘நியூயார்க்கர்’ இதழின் பெயர்பெற்ற கட்டுரையாளர். மனைவி கேத்தரின் அதே இதழில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். 1930களில் அவர்கள் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையை ஒட்டிய நார்த் புரூக்ளின் என்ற ஊரில் பண்ணை வாங்கிக் குடியேறினார்கள். கோழி, வாத்து, செம்மறி, பன்றி எல்லாம் அவர் கையால் தீனி வைத்து வளர்த்தவை. நாவலில் வரும் தொழுவத்தின் வாசம்கூடப் படிப்பவருக்கு எட்டுவதற்குக் காரணம் இதுதான்.

1947ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் வளர்த்த பன்றி ஒன்று நோய்வாய்ப்பட்டது. வெட்டுவதற்காக வளர்த்த பன்றிதான். ஆனால் நோய் வந்தபின் அவர் இரவும் பகலும் அதைக் காப்பாற்றப் போராடினார், முடியவில்லை. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஜனவரி 1948 ‘அட்லாண்டிக்’ இதழில் வந்தது. கொல்லப்போகிற உயிரையே காப்பாற்றத் துடித்த மனத்தின் முரணை அந்தக் கட்டுரை ஒளிவுமறைவின்றி எழுதியது. நிஜத்தில் சாகவிட்ட பன்றியைக் கதையிலாவது பிழைக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

காப்பாற்றுகிறவரைத் தொழுவத்து விட்டத்தில் கண்டுபிடித்தார். ஒரு சிலந்தி முட்டைப்பை கட்டுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். சில நாளில் சிலந்தியைக் காணவில்லை. முட்டைப்பையை வெட்டியெடுத்து மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் போட்டு நியூயார்க் வீட்டுக்குக் கொண்டுபோனார். படுக்கையறை அலமாரியின் மேல் வைத்த பெட்டியின் மூடித் துளை வழியே ஒருநாள் குஞ்சுகள் வெளியே வந்தன. தலைவாரும் பிரஷிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து கத்தரிக்கோலுக்கும் நூல் கட்டி ஏறின. வீட்டு வேலைக்கு வந்த பெண்மணி இதற்குமேல் முடியாது என்று சொல்லும்வரை அவர் அவற்றை அப்படியே விட்டுவைத்தார்.

எழுதுவதற்கு முன் சிலந்தியைப் பற்றிப் படிப்பதற்கென்றே நீண்ட காலம் செலவிட்டார். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சிலந்தி அறிஞர் வில்லிஸ் கெர்ட்ஷைச் சந்தித்து விளக்கம் கேட்டார். 1951 தொடக்கத்தில் ஒரு வடிவம் தயாராகியும் அச்சுக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்துவிட்டார். பிறகு திரும்ப எழுதியபோதுதான் ஃபெர்ன் கதையின் முதல் பக்கத்துக்கு வந்தாள். கோடரியோடு தொடங்கும் அந்தக் காட்சி அப்போது பிறந்தது. கார்த் வில்லியம்ஸின் ஓவியங்களோடு, உர்சுலா நார்ட்ஸ்ட்ராமின் பதிப்பாசிரியப் பொறுப்பில், ஹார்ப்பர் நிறுவனம் 1952 அக்டோபரில் நூலை வெளியிட்டது. மறு ஆண்டு நியூபெரி பதக்கம் வேறொரு நூலுக்குப் போயிற்று. இதற்குக் கிடைத்தது அதற்கு அடுத்த நிலைச் சிறப்பு. அன்று பதக்கம் வென்ற நூலைவிட இதையே இன்று உலகம் அதிகம் படிக்கிறது.

படத்துக்கு முன் நடந்த பேச்சுகள்

நாவல் வந்ததிலிருந்தே படமாக்கக் கேட்டவர்கள் பலர். ஒயிட் எளிதில் இசையவில்லை. சிலந்தி சிலந்தியாகவே இருக்க வேண்டும், அதற்கு இமைமுடி வைத்து உதட்டுச் சாயம் பூசி அழகுபடுத்தக் கூடாது என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். ஜான் ஹப்லி, ஃபெயித் ஹப்லி என்ற புகழ்பெற்ற அனிமேஷன் தம்பதி இதைச் செய்வதில் ஆர்வம் காட்டினார்கள், அது கைகூடவில்லை. பின்னர் பிராக் நகரில் வாழ்ந்த ஜீன் டைட்ச் பொறுப்பேற்றார். ஆஸ்கர் பெற்ற ‘மன்ரோ’ என்ற குறும்படத்தை இயக்கியவர் அவர். ஒயிட்டுடன் கடிதத் தொடர்பு வைத்து, நாவலின் போக்கை ஒட்டித் திட்டம் தீட்டினார். ஒயிட்டுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் தயாரிப்புத் தரப்பு வேறு வழியில் போக முடிவெடுத்தது. சஜிட்டேரியஸ் நிறுவனத்தின் முதலீட்டில் வேலை ஹன்னா–பார்பெராவுக்கு வந்து சேர்ந்தது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் டாம் அண்டு ஜெர்ரியைப் படைத்தவர்கள். 1957க்குப் பிறகு தொலைக்காட்சிக்காகக் கார்ட்டூன் தயாரித்துக் குவித்தார்கள். தொலைக்காட்சியின் வேகத்துக்கும் பணத்துக்கும் ஏற்ப, உடல் அசையாமல் வாய் மட்டும் அசைவது, ஒரே பின்னணி திரும்பத் திரும்ப ஓடுவது என்று சிக்கனமான வரைமுறை ஒன்றை வழக்கமாக்கினார்கள். அந்தச் சிக்கனத்தின் தடயம் இந்தப் படத்திலும் ஆங்காங்கே தெரிகிறது. டிஸ்னியின் ‘பாம்பி’யில் மான்குட்டி நடக்கும்போது தோலுக்கடியில் எலும்பு நகர்வதை உணர முடியும், வில்பர் ஓடும்போது அந்தக் கனம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் படத்தைப் பற்றிய மதிப்பீடு நேர்மையாக இருக்காது.

படம்

இயக்கியவர்கள் இருவர்: சார்லஸ் நிக்கோல்ஸ், இவாவோ டகாமோட்டோ. நிக்கோல்ஸ் டிஸ்னியில் புளூட்டோ நாயின் குறும்படங்களை இயக்கிப் பழகியவர். டகாமோட்டோவின் வாழ்க்கை தனிக்கதை. ஜப்பானியப் பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரின்போது குடும்பத்தோடு மான்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கேதான் சக கைதிகளாயிருந்த ஓவியர்களிடம் கோடு வரையக் கற்றார். போர் முடிந்ததும் டிஸ்னியில் சேர்ந்தார்; பிறகு ஹன்னா–பார்பெராவில் ஸ்கூபி-டூ நாய்க்கு உருவம் கொடுத்தவரும் அவரே.

திரைக்கதை எழுதியவர் ஏர்ல் ஹாம்னர். வர்ஜீனியா மலைப்புறத்து ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த தன் கதையை ‘தி வால்டன்ஸ்’ தொடராக்கிய அதே எழுத்தாளர். மண்ணும் மாடும் அவருக்குத் தெரியும் என்பது உரையாடலில் தெரிகிறது. பாடல்கள் ஷெர்மன் சகோதரர்களுடையவை. ‘மேரி பாப்பின்ஸ்’, ‘ஜங்கிள் புக்’ படங்களுக்குப் பாட்டெழுதியவர்கள். சார்லட்டுக்குக் குரல் கொடுத்தவர் டெபி ரெனால்ட்ஸ், வில்பருக்கு ஹென்றி கிப்சன், வாத்துக்கு ஆக்னஸ் மூர்ஹெட், கதைசொல்லிக்கு ரெக்ஸ் ஆலன். எலியாகப் பேசிய பால் லிண்ட் படத்தின் பெரிய பலம். தின்னும் ஆசை, சலிப்பு, எரிச்சல், உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும் ஈரம் எல்லாம் அந்த மூக்கால் இழுக்கும் குரலிலேயே இருக்கின்றன. சந்தைத் திருவிழாவின் இரவில் எச்சிலும் மிச்சமும் குவிந்த மைதானத்தில் டெம்பிள்டன் பாடிக்கொண்டே தின்று தீர்க்கும் காட்சி, படத்தில் வரைந்தவர்கள் மனம்விட்டு வரைந்த காட்சி.

நாவலில் இல்லாத ஒரு பாத்திரமும் உண்டு: ஜெஃப்ரி என்ற சவலை வாத்துக்குஞ்சு. தாயோடு போகாமல் வில்பரின் பின்னாலேயே திரிகிறது. சவலைக் குட்டிக்குச் சவலைக் குஞ்சு துணை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதைக்கு அது எதையும் சேர்க்கவில்லை.

ஒயிட் படத்தைப் பார்த்து மிகவும் வருந்தினார். சற்று நேரத்துக்கு ஒருமுறை கதையை நிறுத்திப் பாட்டு வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மோட்சார்ட்டின் இசை போல அடங்கிய ஒன்று பின்னணியில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தவர் அவர். அவர் வருத்தத்தில் பாதி நியாயம். தொழுவத்தில் ஒன்றும் நடக்காத பொழுதுகள்தாம் நாவலின் அழகு: மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு முழுப்பகல், வைக்கோல் காயும் வாசம், தொட்டியில் விழும் கழுநீர். படம் அந்த மௌனத்துக்கு இடம் தராமல் பாட்டால் நிரப்பிவிட்டது. மறுபாதியில் ஒயிட்டோடு உடன்பட முடியாது. பூமியையும் காலத்தையும் தாயும் தந்தையுமாக வைத்து சார்லட் பாடும் பாட்டும், கடைசிப் பொழுதில் தளர்ந்த குரலில் அது திரும்ப வருவதும் இல்லாமல் இந்தப் படம் இவ்வளவு தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்காது. நாவலில் சார்லட் யாருமில்லாத மைதானத்தில் தனியாகச் சாகிறாள். ஒயிட் அதை மிகச் சில வாக்கியங்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். பிற்பாடு 1970இல் நாவலை அவரே ஒலிப்பதிவுக்காகப் படித்தபோது, அந்த இடத்தில் குரல் உடைந்து திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. எழுத்தில் சுருக்கமாகச் சொல்ல முடிந்ததை எழுதியவராலேயே வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. படம் அந்தப் பாரத்தை ஒரு பாட்டின்மேல் இறக்கிவைக்கிறது.

கார்ட்டூன் பன்றிகள் இதற்கு முன்பும் உண்டு. டிஸ்னியின் மூன்று பன்றிக்குட்டிகள் 1933இலும் வார்னர் நிறுவனத்தின் போர்க்கி 1935இலும் வந்தவர்கள். 1954இல் பிரிட்டனில் ஹலாஸ்–பேட்ச்லர் எடுத்த ‘அனிமல் ஃபார்ம்’ படத்தில் பன்றிகள் கொடுங்கோலர்கள். கறியாகப்போகிறோம் என்று அறிந்து அழும் பன்றியைக் குழந்தைகளுக்கான கார்ட்டூனின் நடுவில் நிறுத்தியதுதான் 1973இல் நடந்த புதுமை.

நிஜச் சிலந்தி

சார்லட்டின் முழுப்பெயரில் ‘கவாட்டிகா’ என்று வருவது வெறும் ஓசைக்காக அல்ல. வடகிழக்கு அமெரிக்காவின் தொழுவங்களில் வாழும் அரேனியஸ் கவாட்டிகஸ் என்ற சிலந்தியினத்தின் பெயர் அது. பெண் சிலந்தி இலையுதிர்காலத்தில் முட்டைப்பை கட்டிவிட்டு இறந்துபோகும்; குஞ்சுகள் வசந்தத்தில் வெளியேறும். ஆகவே சார்லட்டின் சாவு ஆசிரியர் கண்ணீருக்காக நுழைத்ததன்று. அந்த உயிரின் ஆண்டுக் கணக்கு அப்படி. குஞ்சுகள் பறப்பதும் உண்மை. உயரமான இடத்தில் ஏறி, பின்புறத்தை உயர்த்தி நூலை விடும். நூல் அவற்றைத் தூக்கிச் செல்லும். காற்று மட்டுமல்லாமல் வளிமண்டலத்தின் மின்புலமும் அவற்றைத் தூக்க உதவுகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள்.

எழுதும் சிலந்திக்காகத் தமிழ்ச் சிறுவர் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் வேலியோரப் புதர்களில் ஆர்ஜியோப்பி என்ற இனத்துச் சிலந்தி வட்ட வலை கட்டி, நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல்குறி போல வளைந்து வளைந்து கோடு போட்டு, அந்தக் கோடுகளின்மேல் காலை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு தலைகீழாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கோடு எதற்கு என்பதில் அறிஞர்களிடம் இன்னும் ஒரே முடிவு இல்லை: இரையைக் கவர, பறவை மோதாமல் எச்சரிக்க என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள்.

பன்றியும் சிலந்தியும் எலியும்

படத்தின் மூன்று முக்கிய உயிர்களும் மனிதர் முகம் சுளிக்கும் உயிர்கள். ஒன்று சேற்றில் புரள்வது, ஒன்று ஒட்டடை என்று துடைப்பத்தால் தள்ளப்படுவது, ஒன்று பொறிவைத்துப் பிடிக்கப்படுவது. இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததில்தான் ஒயிட்டின் துணிவு இருக்கிறது. தமிழ்நாட்டின் சைவக் கதைமரபை அறிந்தவருக்கு இது வேறொரு வகையில் வியப்பூட்டும். மூன்று உயிர்களுக்கும் இங்கே கோயில் கதை உண்டு.

பன்றியின் கதை மதுரையுடையது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறந்த பன்னிரண்டு உடன்பிறப்புகள் வேட்டையில் தாயை இழந்து பசியால் துடிக்கின்றன. சோமசுந்தரர் தாய்ப்பன்றி உருவெடுத்து வந்து பால் கொடுக்கிறார். அடுத்த படலத்தில் அவை பாண்டியனுக்கு அமைச்சர்களாகின்றன. பன்றி உருவில் பால் கொடுக்கும் இறைவனை மதுரையின் தூண்சிற்பங்களில் காணலாம். புட்டிப்பாலில் பிழைத்த வில்பரை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் தமிழ்க் குழந்தைக்குக் கிடைக்காது.

சிலந்தியின் கதை திருவானைக்காவில். நாவல்மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி மேலே வலை பின்னி வைத்தது. வழிபட வந்த யானை அதை அசுத்தம் என்று கருதி அழித்தது. தினமும் பின்ன, தினமும் அழிய, கோபத்தில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்தது; இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது மரபு. பெரியபுராணம் அவனை நாயன்மார்களுள் ஒருவனாகப் பாடுகிறது. எலியின் கதை வேதாரணியத்தில். கோயில் விளக்கின் நெய்யை நக்க வந்த எலி, தன்னையறியாமல் திரியைத் தூண்டிவிட்டது. அணையப்போன விளக்கு சுடர்விட்டது. அந்தப் புண்ணியத்தால் மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தி ஆயிற்று. தின்ன வந்த இடத்தில் நன்மை செய்துவிட்டுப் போகும் டெம்பிள்டனுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் உலகக் கதைகளில் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நம் கதைகளில் கைம்மாறு மறுபிறப்பில் வருகிறது: சிலந்தி அரசனாகிறது, எலி சக்கரவர்த்தியாகிறது. ஒயிட்டின் சிலந்திக்கு மறுபிறப்பும் இல்லை, புகழும் இல்லை. வலையில் எழுதியவளை விட்டுவிட்டு ஊரார் பன்றியைத்தான் கொண்டாடுகிறார்கள். அவளுக்கு மிஞ்சுவது வில்பரின் நினைவும் 514 குஞ்சுகளும். அந்தக் குறைவில்தான் கதை நெஞ்சில் தங்குகிறது.

இந்தியத் திரையில்

இந்தியாவில் கார்ட்டூன் படம் அரசு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனின் நிழலில் வளர்ந்தது. அதன் கார்ட்டூன் பிரிவு 1956இல் தொடங்கியது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி தந்தார். அதன் பயனாக 1957இல் வந்தது ‘தி பேனியன் டீர்’. கர்ப்பிணி மானுக்காகத் தன் உயிரைத் தர முன்வரும் மான் அரசனின் ஜாதகக் கதை அது. ஓர் உயிருக்காக இன்னோர் உயிர் வெட்டுப்பீடத்தின் முன் நிற்பதில் அது சார்லட்டுக்கு மூத்த படம். 1974இல் விஜயா முலேயும் பீம்சேனும் உருவாக்கிய ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’வில் வலையோடு பறந்துவரும் பறவைகளை எலிகள் வலையைக் கடித்து விடுவிக்கின்றன. தூர்தர்ஷன் காலத்துக் குழந்தைகள் அதை மறக்கவில்லை.

தமிழில் விலங்கு நட்பு கார்ட்டூனாக வளரவில்லை. நிஜ விலங்குகளாகத் திரைக்கு வந்தது. தமிழ்ப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் யானையை ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்ற இந்திப் படத்திலும் (1971) ‘நல்ல நேர’த்திலும் (1972), ஆட்டை ‘ஆட்டுக்கார அலமேலு’விலும் (1977) மனிதருக்கு இணையான பாத்திரமாக்கினார். அந்தப் படங்களில் விலங்கு மனிதரைக் காப்பாற்றும். விலங்கை விலங்கு காப்பாற்றும் கதையைச் சொல்ல நம்மிடம் இன்னும் முழுநீளத் தமிழ்க் கார்ட்டூன் வரவேண்டியிருக்கிறது.

பின்வரலாறு

திரையரங்கில் அடக்கமாக ஓடிய படம், வீடியோ கேசட் காலத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. வெளிவந்து இருபது ஆண்டு கழிந்து, 1994இல், அமெரிக்காவில் அதிகம் விற்ற வீடியோக்களுள் ஒன்றாக அது இருந்தது. 2003இல் வீடியோவுக்கென்றே ஒரு தொடர்ச்சி வந்தது, நினைவில் நிற்கவில்லை. 2006இல் கேரி வினிக் இயக்கத்தில் நிஜ விலங்குகளோடு, டகோட்டா ஃபானிங் ஃபெர்னாக நடிக்க, ஜூலியா ராபர்ட்ஸ் சார்லட்டின் குரலாக, ஆஸ்திரேலியாவில் படமாக்கினார்கள். 2025இல் மூன்று பகுதி அனிமேஷன் தொடராகவும் வந்திருக்கிறது. அதில் சார்லட் ஏமி ஆடம்ஸ். இத்தனைக்கும் பிறகு பலர் திரும்பிப் போவது 1973 படத்துக்குத்தான். ஒயிட் 1985இல் காலமானார்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து

இந்தக் கதையை நம் கிராமத்துப் பிள்ளையின் கண்ணால் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன்: திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் தனிமலையாக நிற்கும் பெருமுக்கல்.  கிழக்கே போனால் கழுவேலி ஈரநிலம். அதையும் தாண்டினால் மரக்காணம் உப்பளம்.

இந்தப் பக்கத்துக் குழந்தைக்கு வில்பரின் பயத்தை யாரும் விளக்க வேண்டாம். வீட்டில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்து, மடியில் போட்டு வளர்த்து, நேர்ந்துவிட்ட கிடா என்று பெரியவர்கள் சொல்லும் நாளில் வாயடைத்து நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தத் துக்கத்துக்கு வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. கறி பரிமாறும்போது சாப்பிடாமல் எழுந்துபோனால் செல்லம் என்று திட்டு விழும். உப்பும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. வில்பரைக் குளிர்காலத்தில் வெட்டுவது ஏன் என்றால், அமெரிக்கப் பண்ணைகளில் பன்றிக்கறியைக் குளிர் நாளில் உப்பில் ஊறப்போட்டுப் புகையூட்டித்தான் ஆண்டு முழுக்க வைத்திருந்தார்கள். உப்பு எதைக் கெடாமல் வைக்கும் என்பது கருவாடு காயும் கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். செம்மறி சொல்லும் செய்தியை அது ஒரே நொடியில் புரிந்துகொள்ளும்.

நகரத்துக் குழந்தைக்கு இது அழகான பண்ணைக் கதை. கிராமத்துக் குழந்தைக்கு அது தன் வீட்டில் நடந்த, யாரும் பேசாத ஒன்றைப் பற்றிய கதை. ஆகவே இந்தப் படத்தின் மேல் அதிக உரிமை உள்ளவர்கள் இன்னும் அதைப் பார்க்காதவர்கள்தாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அது இறைச்சி தின்னாதே என்று சொல்லும் படமன்று. ஒயிட்டும் அப்படிச் சொன்னவரல்லர். வளர்த்த உயிருக்காக அழுவது வெட்கப்படத் தக்கதல்ல என்று மட்டும் சொல்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் முயற்சியைத் தொடங்கியது. திண்டிவனம், மரக்காணம் பகுதிப் பள்ளி ஆசிரியர்கள் இந்தப் படத்தையும் அந்த வரிசையில் சேர்க்கக் கேட்க வேண்டும். மொழி புரியாத இடங்களில் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னால் போதும். முன்னதாகத் திருவானைக்காச் சிலந்தியையும் மதுரைப் பன்றிக்குட்டிகளையும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. சார்லட் சாகும் இடத்தில் படத்தை வேகமாக ஓட்டிக் கடந்துவிடாதீர்கள். படம் முடிந்தபின் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குட்டிகளைப் பற்றிப் பேச அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.